கொக்குப் பூட்டு

மூன்றாவது வண்டிக்கும் சந்தியாகு உதட்டைப் பிதுக்கினான்.

சகாயராணி அந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தாள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. அவளுக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் கால் இரண்டும் சூம்பிப்போனவை. காலையிலிருந்து புருஷன் சந்தியாகு அவளைத் தூக்கி ஒவ்வொரு வண்டியாக உட்கார வைப்பதும் இறக்குவதுமாக இருந்தான்.

முதல் வண்டி கனமாம், கோட்டைப் பக்கத்து ஏற்றத்தில் கை விட்டுப்போகுமாம். இரண்டாவதில் செயினுக்கு மூடி இல்லையாம், சேலை மாட்டுமாம். மூன்றாவதில் இருக்கை உயரமாம்.

இருந்ததே மூன்று வண்டிதான்.

மூன்றும் சைக்கிள் கடை அப்துல் வாஹித் பாய் தன் கையால் பற்றவைத்தவை. குறை சொல்லச் சொல்ல அவர் முகம் சுளிக்கவில்லை. முதன்முதலாக வண்டி எடுக்க வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர்.

“புதுசா வாங்குறவுக பூராம் கலரைத்தான் பாப்பாக. நீ பிரேக்கைப் பாருத்தா,” என்றார்.

சகாயராணி பிரேக்கையும் பார்த்தாகிவிட்டது. முதல் சுற்றில் நேராகப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டினாள். இரண்டாவது சுற்றில் கடை முன்னால் நின்ற வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். பத்து கெஜம்கூட இருக்காது. முப்பது வயதில் அவள் தானாகப் போய்த் தானாகத் திரும்பியது அதுதான் முதல் தடவை. இறங்க மனசே வரவில்லை.

திங்கட்கிழமை அவள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராகச் சேர வேண்டும். தினமும் நேரத்துக்கு வந்துபோக வழி இருந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஒருத்தி காத்திருக்கிறாள் என்று மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மடம் ஊருக்கு இந்தக் கோடி. சந்தியாகு வேலை பார்க்கும் பூட்டுப் பட்டறை அந்தக் கோடி.

கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய சைக்கிள் கேரியர்தான் அவளுக்குக் கால். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சினிமாவுக்கும் அதில்தான் போனாள். அவன் முதுகைத் தவிர அவள் பார்த்த ஊர் கொஞ்சம்.

அந்த முதுகு அவளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் தையல் சொல்லிக்கொடுக்கவும் பிடிக்கும்.

இந்த மனுஷனுக்கு மனசில்லை, அதனால்தான் தொட்டதற்கெல்லாம் குறை சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பூட்டைத்தான் அளவு தப்பிப் பண்ணுனீக. வண்டியிலயாச்சும் என் பேச்சைக் கேளுங்க. எனக்கு இதுதேன் வேணும்.”

வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிற பூட்டைத்தான் சொன்னாள். கல்யாணமான வருஷம் அவன் பட்டறையில் செய்து கொண்டுவந்தது. வளையம் மட்டும் ஒரு சாண் நீளம். எந்தக் கதவுக்கும் சேராது, எந்தப் பெட்டிக்கும் சேராது. கேட்டதற்கு, அளவு தப்பிப்போச்சு என்று சொல்லிவிட்டான். தப்பிய பூட்டை உருக்கப் போட்டுவிடுவதுதான் பட்டறை வழக்கம். இவன் அதை ஆணியில் மாட்டி, மாதம் தவறாமல் எண்ணெய் வேறு விட்டான். நீளக் கழுத்தைப் பார்த்து அவள் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தாள். கேலி செய்ய வேறு எதுவும் கிடைக்காத நாளில் கொக்குதான் அகப்படும்.

சந்தியாகு குனிந்து மூன்றாவது வண்டியின் பிரேக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கித் தர முடியுமா என்று பாயிடம் கேட்டான். முடியும் என்று பாய் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு போய்த் தன் சைக்கிளில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்து வந்தான். அதைச் சாப்பாட்டுப் பை என்றே அவள் நினைத்திருந்தாள்.

பைக்குள்ளிருந்து கொக்கு வந்தது.

முன்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே வளையத்தை விட்டான். மேலே கைப்பெடலின் தண்டையும் சேர்த்து வளைத்து அழுத்தினான். டக்கென்று விழுந்தது. நடுவில் விரல் நுழைய இடமில்லை. சக்கரமும் அசையவில்லை, பெடலும் அசையவில்லை.

வாஹித் பாய் கிட்டே வந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏப்பா, அம்பத்தஞ்சுல வந்து இதே மாதிரி வண்டியில நூலைப் போட்டு அளந்துட்டுப் போனியே, அந்தப் பூட்டா இது? எட்டு வருசமாவா வச்சிருந்த?”

சந்தியாகு சிரிக்க மட்டும் செய்தான்.

கல்யாணமான அந்த வருஷம் வண்டி வாங்க வழி இல்லை. பூட்டு செய்யக் கை இருந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒன்றை அவனிடமே திருப்பி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

சாயங்காலம் இருக்கை இறங்கிய வண்டியை அவளே சுற்றி ஓட்டினாள். சந்தியாகு பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தான். வழியில் அவனைச் சீண்ட ஏதாவது வார்த்தை கிடைக்குமா என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டில் இனி அந்த ஆணி சும்மா இருக்கும் என்று நினைத்தாள். அவ்வளவுதான், கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பாதை தெரியவில்லை. அவசரமாகப் பிரேக்கைப் பிடித்தாள்.

பிரேக் நன்றாகப் பிடித்தது.