பூண்டு விலை

மலையடிவாரத்துப் பூண்டுச் சந்தையில் அன்று காலை ஒரு தராசும் அசையவில்லை. அந்த வட்டாரத்தின் சீனமொழி வணிக நாளிதழ் முந்தின நாளோடு நின்றுபோயிருந்தது. அதில் வரும் விலையைப் பார்த்துத்தான் வியாபாரிகள் கொள்முதல் செய்வார்கள். அந்த விலையோ, செய்தியாளர் ருவோலான் தினமும் இதே வியாபாரிகளிடம் கேட்டு எழுதியது. அவர்கள் முந்தின நாள் பேப்பரைப் பார்த்துச் சொல்வார்கள். இப்படியே சுற்றி வந்த விலை எங்கே தொடங்கியது என்று யாரும் யோசித்ததில்லை.

வேலை போன பிறகும் கால்கள் பழக்கத்தில் ருவோலானைச் சந்தைக்கே கொண்டுவந்தன. மொத்த வியாபாரி காவ் ஓடி வந்தார்.

“தங்கச்சி, பேப்பர் போனா போகட்டும். விலையை வாயால சொல்லிட்டுப் போ.”

“நான் எப்பண்ணே விலை சொன்னேன்? உங்களைக் கேட்டுத்தானே எழுதினேன்.”

“கேட்ட வாய்க்குச் சொல்லத் தெரியாதா? கொஞ்சம் கம்மியாவே சொல்லு.”

வியாபாரிகள் சிரித்தார்கள். வண்டிகளில் மூட்டைகளோடு காத்திருந்த விவசாயிகள் சிரிக்கவில்லை. விலை இறங்கினால் அவர்களுடைய ஒரு வருட உழைப்பு போயிற்று. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ருவோலான் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதக் காகிதம் இல்லாததால் உள்ளங்கையை விரித்துக்கொண்டாள். காவைத் தாண்டி நடந்து, முதல் வண்டியில் இருந்த பெண்ணின் முன்னால் நின்றாள்.

“உங்களுக்கு என்ன விலை வேணும்க்கா?”

வேறு யாரையோ கேட்கிறாளோ என்று அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூட்டையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள்.