‘இல்லை’ என்ற கம்பைலர்

“இல்லை” என்றது திரை. காலையிலிருந்து இது பதினெட்டாவது தடவை.

ராய்ஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறான். அது மசிந்து கொடுத்தபாடில்லை. இன்று மூன்று மணிக்குள் நிறுவைக்கான புதுப் புரோகிராம் ஓடாவிட்டால் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று கோலாலம்பூர் சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார். இந்த வருடத்தில் இது அவனுக்கு மூன்றாவது வேலை. நான்காவதாக யார் கொடுப்பார்கள்?

“என்னா தம்பி, இன்னமும் மொரண்டு பிடிக்குதா?” நிறுவைக் கணக்கெழுதும் கிராணி சாரதா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“கம்பைலர்தான்க்கா தகராறு. நாம எழுதுறத மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிற சாமான் அது. அதுக்கு என்னென்ன தெரியும்னு நான் எழுதுன இந்த ஸ்கிரிப்ட் புரோகிராம் தானாவே கண்டுபிடிக்கணும்.”

“கேட்டா சொல்லிடுமா?”

“வாயால கேட்டா நம்ப முடியாதுக்கா. ஸ்கிரிப்ட் சின்னதா ஒரு வேலைய குடுத்து செய்யச் சொல்லும். தன்னவிட புதுசா ஒரு ஃபைல் வந்து விழுந்தா ‘ஆமாம்’. பழசுதான் கெடக்குதுன்னா ‘இல்லை’. இதே கம்பைலர் கேஎல் ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுச்சு லா.”

“பாவம்யா நீ,” என்று சொல்லிவிட்டு சாரதா தராசுப் பக்கம் போனாள்.

கம்பைலரை அழித்து மறுபடி ஏற்றினான். தன் லேப்டாப்பில் ஸ்கிரிப்டைத் திருத்தி, பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினான். இல்லை, இல்லை, இல்லை. அழுதுவிடலாம் போலிருந்தது.

காலையில் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டே, இதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா கத்தரீன் சொன்னது வேறு மண்டையைக் குடைந்தது. “இந்த வேலையாவது நெலைக்கட்டும்யா. என்னப் பாரு, இந்த முட்டிய வெச்சிக்கிட்டு மேல்மலைக்கு ஏறி எறங்குறேன். ஒரு நாளு நிறுவைக்கு லேட்டாயிருப்பேனா?”

லேட்டாக முடியுமா என்ன? கம்ப்யூட்டரில் மூன்று மணி ஆனதும் தராசு பூட்டிக்கொள்ளும். மாதத்தில் மூன்று முறை பிந்தினால் பேர் வெட்டு, பேர் போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும் என்பது அந்தத் தோட்டத்துச் சட்டம். அதில் மேனேஜர் துரையே தயவு காட்ட மாட்டார்.

போன் அடித்தது. முதலாளிதான்.

“ராய்ஸ்டன், இருவது நிமிசம்தான் இருக்கு. முடியுமா முடியாதா?”

“அம்பது நிமிசம் இருக்கே பாஸ்,” என்றான் திரையின் மூலையைப் பார்த்து. அங்கே மணி இரண்டு பத்து.

“உனக்கு மணி பாக்கவும் தெரியலையா?”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இரண்டு நாற்பது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரின் கடிகாரம் அரை மணி பின்னால் ஓடுகிறது. கம்பைலர் ஒழுங்காகத்தான் வேலை செய்து ஃபைலைக் கொடுத்திருக்கிறது. ஆனால் சரியான மணி காட்டும் லேப்டாப்பிலிருந்து அப்போதுதான் வந்த ஸ்கிரிப்டைவிட அது அரை மணி பழசாகத் தெரிந்திருக்கிறது. ஸ்கிரிப்டும் பழைய குப்பை என்று நினைத்து, ‘இல்லை’ போட்டுத் தள்ளியிருக்கிறது.

கடிகாரத்தைச் சரிசெய்து ஸ்கிரிப்டை ஓட்டினான். ஆமாம். ஆமாம். ஆமாம். திரை முழுக்க ஆமாம்தான்.

இரண்டு ஐம்பதுக்குப் புதுப் புரோகிராம் ஓடத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்களின் மூட்டைகளைத் தராசு மளமளவென்று நிறுத்தது. சரியாக மூன்று மணிக்குத் தானே பூட்டிக்கொண்டது. “குட் லா, வேலையில இரு,” என்றார் முதலாளி.

ராய்ஸ்டன் நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

“எந்த மடையன்க்கா கடிகாரத்த அரை மணி பின்னால தள்ளி வெச்சது? மூணு நாளா என் உசுர எடுத்துட்டான்.”

சாரதா சிரிக்கவில்லை. “அத பழையபடி வெச்சிட முடியுமா தம்பி?”

“இனிமே யாராலயும் தொட முடியாதுக்கா. புதுப் புரோகிராம் நேரத்த பெரிய ஆபீஸ்லேருந்தே வாங்கிக்கும். நானே நெனச்சாலும் மாத்த முடியாது.”

சாரதா எழுந்து வாசலுக்குப் போனாள். வரிசை கலைந்து எல்லாரும் போய்விட்டார்கள். மேல்மலைப் பாதையை மூடுபனி மறைத்திருந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னாக்கா?”

“நாந்தான்யா தள்ளி வெச்சேன்,” என்றாள் சாரதா. “உங்கம்மா எறங்கி வர அரை மணி கூட ஆகுது.”