மகராசிக்கு ஆகாத பெட்ரோல்

"இந்தப் பெட்ரோல் மகராசிக்கு ஆகவே ஆகாது மாமா. வயித்தைக் கெடுத்துடும்," என்றான் மாப்பிள்ளை, முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கவலையாக வைத்துக்கொண்டு.

மகராசி என்பது மாமனாரின் கார். வயதில் மாமனாருக்கே மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், மாப்பிள்ளையை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார் மாமனார். ஏசி கிடையாது. சீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் முதுகைக் குத்திக்கொண்டே வரும். மேட்டைக் கண்டால் மகராசி நின்றுவிடுவாள். இறங்கித் தள்ளும் பாக்கியம் மாப்பிள்ளைக்கு. திங்கட்கிழமை ஆபீசுக்கு அவன் பாதி வளைந்துதான் போவான்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவன் நிம்மதியாகத் தூங்கியதில்லை. 'வேண்டாம் மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்த மனிதரிடம் அதை எந்த வாயால் சொல்வது? அதுவும் வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருப்பவரிடம்?

அப்போதுதான் கடவுளாகப் பார்த்து எத்தனாலை அனுப்பினார். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்கோ கண்ணில் பட்டது. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை.

"அப்படி என்ன மாப்பிள்ளை பண்ணிடும்?" என்று பானெட்டைத் தூக்கி நிறுத்தியபடி கேட்டார் மாமனார்.

"இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்ததுதானே மாமா. புது வண்டிங்க தாங்கும், அதுக்கேத்த மாதிரி செஞ்சிருக்காங்க. இது அந்தக் காலத்து ரப்பர். இதோ, இந்தக் குழாயைப் பாருங்க. எத்தனால்ல ஊறி, உப்பி, வெடிப்பு விட்டுடும். பெட்ரோல் சொட்டும். சூடான இன்ஜின் மேல சொட்டினா என்ன ஆகும்? நினைச்சு நினைச்சு எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

"அடடா," என்றார் மாமனார்.

"அது மட்டுமா? எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணி டாங்க் அடியில தங்கி துருப்பிடிக்கும். துரு போய் கார்பரேட்டரை அடைச்சுக்கும். அப்புறம் மகராசி நடுரோட்டுல உக்காந்துடுவா."

"இப்ப மட்டும் என்ன, ஓடிக்கிட்டா இருக்கா?" என்றாள் கார் ஷெட் வாசலில் நின்ற அவன் மனைவி. திட்டம் முழுவதும் தெரிந்தவள் அவள். மாப்பிள்ளை அவளை ஒரு முறை முறைத்தான்.

மாமனார் ரப்பர் குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தார். "எத்தனால் தாங்குற குழாய் கிடைக்குதாமே. மாத்திட்டா?"

"குழாய் ஒண்ணுன்னா மாத்தலாம். கார்பரேட்டருக்குள்ள வாஷர், பம்ப்புக்குள்ள ரப்பர், எதைன்னு மாத்துவீங்க? எல்லாத்தையும் மாத்திட்டா அப்புறம் இது மகராசியே இல்லை மாமா."

"எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைச்சா?"

"விசாரிச்சுட்டேன். இல்லைன்னுட்டாங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு பங்க்கில் விசாரித்தான், இல்லை என்றார்கள். மூன்றாவதில் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிடப் போகிறார்களே என்று அந்தப் பக்கமே அவன் போகவில்லை.

"தங்கினாத்தானே தண்ணி இறங்கும்? போடறதை அன்னன்னைக்கே ஓட்டித் தீர்த்துட்டா?"

மாப்பிள்ளைக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமையோடு போன கண்டம் தினமும் வரும் போலிருக்கிறதே.

"வேண்டாம் மாமா, எதுக்கு ஆபத்து? டாங்க்கை வடிச்சுட்டு, துணி போட்டு மூடி வெச்சுடுவோம். நான் வாரா வாரம் வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன். எனக்கு அது போதும்." கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டான்.

"இனிமே ஓட்டவே வேண்டாங்கறீங்களா?" மாமனார் அவன் முகத்தையே பார்த்தார். "உங்களால தாங்க முடியுமா மாப்பிள்ளை?"

"அவ நல்லா இருந்தாப் போதும் மாமா."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி துடைக்கும் துணியிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டு, "இதோ வர்றேன்," என்று வீட்டுக்குள் போனார். உள்ளே யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"பாவங்க எங்கப்பா," என்றாள் மனைவி.

"பாவந்தான். என் முதுகும் பாவந்தானே?"

மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அடுத்த ஞாயிறு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதை நினைத்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

மாமனார் திரும்பி வந்தார். வந்ததும் மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன் மாப்பிள்ளை. எனக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சு போச்சு. ஒரு வாரம்கூட வேண்டாம்னு சொல்லாம வர்றீங்களே, உங்களுக்கு இதுன்னா உசிராச்சேன்னுதான் துடைச்சுத் துடைச்சு வெச்சு, வாரா வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன். முடியாமப் போய், உங்ககிட்டகூடச் சொல்லாம ஒருத்தருக்கு விலை பேசி முடிச்சுட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறதா இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பத்தான் குழாய், பெட்ரோல்னு அத்தனையும் உங்ககிட்ட கேட்டேன்."

மாப்பிள்ளைக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. "அதுக்கென்ன மாமா, தாராளமா..." என்று ஆரம்பித்தான்.

மாமனார் அவனைப் பேசவிடவில்லை. "ஒரு ரப்பர் குழாய்க்காக ராத்திரியெல்லாம் தூங்காம தவிக்கிற மனுஷன் நம்ம குடும்பத்துலயே இருக்கும்போது, இவளை எவனோ ஒருத்தன்கிட்ட அனுப்ப எனக்கு மனசு வரலை. வர வேண்டாம்னு இப்பத்தான் போன்ல சொல்லிட்டு வர்றேன்," என்று சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இந்தாங்க, இனிமே மகராசி உங்க வீட்டுலதான்."