வீட்டுக்குள் ஊர் எல்லை

தொப்பியைக்கூடக் கழற்றாமல் மெர்ல் சமையலறைக்குள் வந்தான்.

"எல்லாம் போச்சு, ஆர்டித்! நம்ம ஊருக்குன்னு மேயர், நகரசபை எல்லாம் வரணும்னா இருநூறு பேர் வேணும். ஒரு ஆள் குறையுது."

"யாரு?"

"நான்தான்! எல்லைக்கோடு நம்ம வீட்டுக்கு நடுவுல போகுதுன்னு சர்வேயர் சொல்றார். கட்டில் எந்தப் பக்கம் கிடக்குதோ, ஆளும் அந்தப் பக்கமாம். உன் அறை ஊருக்குள்ள. என் அறை சோளக்காட்டோட வெளிய போயிடுச்சு."

மனைவியின் அறையிலிருந்து அவன் பின்னறைக்குப் படுக்கையை மாற்றி மூன்று வருடமாகிறது. சண்டைக்கான காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது. யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் தீரவில்லை. அவன் இருமும்போதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் விழித்திருப்பது அவனுக்குத் தெரியாது.

"இப்ப என்ன பண்ணலாம்ங்கற?"

"நாளைக்கு மனு கொடுக்கணும்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினான். "ஊருக்காகத்தான் கேக்கறேன்... என் கட்டிலை உன் அறையில போட்டுக்கவா?"

"குறட்டை விட்டா திரும்பவும் சோளக்காடுதான்."

"இதுதான் புது ஊரோட முதல் சட்டமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சின்னப் பையனைப்போலத் தலையணையை எடுக்க ஓடினான்.

பின்னறையில் கட்டில் நகரும் சத்தம் கேட்டதும், ஆர்டித் சர்வேயருக்கு போன் செய்தாள்.

"எனக்காக வீட்டுக்குள்ள வளைச்சீங்களே, அந்தக் கோட்டை அழிச்சிடுங்க. முதல்ல போட்ட மாதிரியே வேலியோரமா நேரா போகட்டும்" என்றாள் மெதுவாக. "ஆள் வந்தாச்சு."