ஈ.எஃப்.

அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். பங்குச் சாமியார், இன்ஜினியர் லின்சி, கொத்தனார் சகாயராஜ், சத்துணவு சமைக்கும் காத்தாயி, தொட்டி கட்டிய காலத்தில் ஸ்டோர் பார்த்த குழந்தைராஜ்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் பங்குப் பள்ளிக்கூடம். வாய்க்கால் வற்றும் மாதங்களில் தண்ணீர் போதவில்லை என்று, தொட்டிச் சுவரை மூன்றடி உயர்த்த குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள்.

லின்சி 1979-ஆம் வருஷத்து வரைபடத்தை விரித்தாள். "சுவருக்கு எத்தனை கம்பிங்க போட்டீங்க ஐயா?"

குழந்தைராஜ் ஸ்டாக் நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் திறக்கவில்லை.

"சுவருக்கு முப்பது துண்டு. நாலு சுவருக்கு நூத்தியிருபது. ஒரு கம்பிய வெட்டுனா அஞ்சு துண்டு. இருபத்துநாலு கம்பி எண்ணிக் கொடுத்தேன்மா. கம்பி கட்டின ரெத்தினம் நாப்பத்தெட்டு கேட்டான். எங்கிட்ட நடக்குமா?"

காத்தாயி சோற்றுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரெத்தினம் அவள் புருஷன். சிங்கப்பூரில் சாரம் சரிந்து செத்தவன்.

"அடுத்த வேலைக்கு அவனைக் கூப்பிட வேணாம்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றார் குழந்தைராஜ், அவள் பக்கம் பார்க்காமல். "அப்புறந்தான் சிங்கப்பூர் போனான்."

லின்சி வரைபடத்தில் விரல் வைத்தாள். "முப்பதுக்குப் பக்கத்துல ஈ.எஃப்.னு இருக்கே, பார்க்கலீங்களா?"

"பார்த்தேனே. நாலு இடத்துல இருந்துச்சு. படம் வரைஞ்சவர் பேருன்னு நெனச்சேன்."

"ஈச் ஃபேஸ், ஐயா. உள்பக்கம் முப்பது, வெளிப்பக்கம் முப்பது."

குழந்தைராஜின் உதடு தானாகக் கணக்குப் போட்டது. அறுபது. இருநூற்று நாற்பது. நாற்பத்தெட்டு.

தொட்டிக்கு நேர் கீழே குழாய். தொட்டி கட்டினதிலிருந்து இந்தப் பதினேழு வருஷமாக மத்தியானம் நூறு பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற இடம். அவர் பேத்திகள் இரண்டு பேரும் அதில் உண்டு.

"அப்ப பாதிக் கம்பியிலயா நிக்குது?" என்றார் சாமியார். "பிள்ளைங்க ஒருத்தரையும் இந்தப் பக்கம் விடாதீங்க."

சகாயராஜ் உளியோடு ஏறினான். தண்ணீரை முதல் நாளே வடித்திருந்தார்கள். கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெளிப்பக்கம் கம்பி இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "சாமி, உள்பக்கமும் இருக்கு."

"நல்லாப் பாருப்பா."

"நாலு சுவத்துலயும் கொத்திட்டேன் சாமி. அளவு பிசகாம இருக்கு."

குழந்தைராஜ் படியருகே வந்து மேலே பார்த்தார். "நான் மேல ஏறிப் பார்த்ததில்ல. ஆனா இருபத்துநாலுக்கு மேல ஒண்ணு கொடுக்கல. எங்கேருந்து வந்துச்சு?"

காத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஞாயித்துக்கெழம பூசையில இருந்தப்ப கொண்டாந்து கட்டினாருங்க. எங்க வீட்டுக்கு மேல மெத்தைத் தளம் போட வாங்கி வச்சிருந்த கம்பி."

"அப்ப இருந்த சாமிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் சாமியார்.

"நானும் கேட்டேங்க. சொன்னா ஸ்டோர் ஐயாவுக்கு வேலை போயிடும், வயசுக்கு வந்த பொண்ணு மூணு வச்சிருக்காருன்னாரு."

குழந்தைராஜ் ஸ்டாக் நோட்டைத் திறந்தார். "எத்தனை கம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பது வாங்குனோம். இருபத்துநாலு இங்க வந்துருச்சு. கீத்து வீட்டு எறவாணத்துல இன்னும் சொருகிக் கெடக்குங்க, மிச்சம் ஆறு."