மீன் விடும் நாள்

ஐசியூ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த நர்ஸ் ஜெயப்பிரியா, மணவாளன் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத்தான் முதலில் பார்த்தாள்.

சொட்டுச் சொட்டாகச் சோதனை மருந்து விட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் இருந்தது மீன்தொட்டித் தண்ணீர்.

ஒரு மாதமாக இதே கூத்து. அம்பத்தூரின் அந்தச் சின்ன மருத்துவமனையில், உறவினர்கள் காத்திருக்கும் நாற்காலிகளுக்கு எதிரே ஒரு பழைய மீன்தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மண்ணூர்பேட்டையில் யாரோ வீடு காலி செய்தபோது வாங்கியதாம். மூலையில் ஒரு கீறல். உப்புக்கறையைத் தேய்த்து எடுக்கவே இரண்டு நாள் ஆனது.

தினமும் சாயங்காலம் வருவார். மீனே இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை தீனி தூவுவார்.

எல்லோரும் சிரித்தார்கள். தீனி அழுகி விஷமாகும், அந்த விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற வேண்டும், அதற்கு முன்னால் விட்டால் மீன் செத்துப்போகும் என்று பொறுமையாகச் சொன்னார்.

பத்தாம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. தூக்கி வெளியே போடச் சொன்னார் மேனேஜர். மணவாளன் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்து ஜெயப்பிரியாதான் பரிந்து பேசினாள். வண்ணமீன் கடைக்காரர், பிழைப்புக்குக் கெஞ்சுகிறார் என்று நினைத்திருந்தாள்.

விஷம் இருந்தால் ஏறும் பச்சை இன்று குழாயில் ஏறவில்லை. வெளிர்மஞ்சளாகவே நின்றது.

"விஷம் சுத்தமா இல்ல சிஸ்டர். இனிமே மீன் வுடலாம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்குப் போயி அழுவாங்களாண்ணா? எந்தக் கடை நீங்க?"

"கடைலாம் இல்ல சிஸ்டர். போன வருசம் பதினோரு நாளு இந்தச் சேர்ல ஒக்காந்துகினு இருந்தேன். பாக்குறதுக்கு அந்தக் கதவ வுட்டா வேற ஒண்ணுமே இல்ல."

அவளுக்கு அவர் முகம் நினைவில் இல்லை. உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பவளுக்கு வெளியே காத்திருப்பவர்களைத் தெரியாது. உள்ளே யார் இருந்தார்கள், பிழைத்தார்களா என்று கேட்க வாய் வரவில்லை.

அப்போது ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படியேறி வந்தாள். இன்னொரு கையில் தண்ணீர் நிரம்பிய கவர். அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் நாலு மீன்கள்.

"பாத்து வா, கன்னியம்மா," என்று மணவாளன் எழுந்து ஓடினார்.

ஜெயப்பிரியா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். பதினோரு நாளும் அவள் துடைத்துவிட்ட முகம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகு, என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்லாத முகம்.

அந்தக் கண்கள் திறந்திருந்து ஜெயப்பிரியா பார்ப்பது இதுதான் முதல் தடவை.