இடது மூலை

வலது கையை நீட்டினாள்.

யாரும் பிடிக்கவில்லை.

பக்கத்தில் நிற்கும் இசக்கியம்மாள்தான் பிடிக்க வேண்டும். கபடியில் இடது மூலையில் நிற்பவளும் அவளை ஒட்டி நிற்பவளும் கைகோத்துக்கொண்டால்தான் ரெய்டு வருகிறவளை மடக்க முடியும். ஏழாம் வகுப்பிலிருந்து இருவரும் அப்படித்தான் ஆடி வந்தார்கள்.

இசக்கி தன் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள்.

எதிரணிக்காரி அதைக் கவனித்துவிட்டாள். நேரே மூலைக்கு வந்தாள். இனி யோசித்துப் பயனில்லை. மூலையில் நின்றவள் தனியாகப் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். முழங்கை தரையில் தேய்ந்து தீயாக எரிந்தது. பிடியை மட்டும் விடவில்லை.

விசில். ஒரு புள்ளி.

கூட்டம் கத்தியது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். அவள் ஒருத்தியின் பெயரை.

போன வருடமென்றால் ஆறு பேரும் மேலே விழுந்து மூச்சுத் திணற வைத்திருப்பார்கள். இப்போது அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருத்தி ஜடையைச் சரிசெய்துகொண்டாள்.

இந்த வருடம்தான் கல்லூரி ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்கு. யாருக்கு என்று முடிவு செய்ய நிர்வாகம் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. போன வருடத்து ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டியது. முதலில் பிடித்தவள் பெயரில்தான் அதில் புள்ளி இருக்கும். மறித்து, ஓரங்கட்டி, மூலைக்கு ஆளைத் தள்ளிக் கொண்டுவந்து விடுகிறவளுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

பிடித்தவள் இவள். தள்ளிக் கொண்டுவந்து விட்டவள் இசக்கி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் பயிற்சியில், இவள் வழக்கம்போல் கையை நீட்டினாள்.

"சம்பளம் வாங்குதவளுக்கு என்னத்துக்குட்டி இன்னொருத்தி கை?" என்றாள் இசக்கி.

அதுதான் கடைசிப் பேச்சு. மூன்று வாரமாயிற்று. இசக்கி விடுதியில் அறையை மாற்றிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

சம்பளம் வந்த அன்று இவள் அணிக்கே பிரியாணி வாங்கிக்கொண்டு போனாள். எல்லோருக்கும் அன்றைக்கென்று பசியில்லை. சம்பளம் வாங்கும் இன்னொருத்தியான லில்லி மட்டும் இரண்டு பொட்டலம் சாப்பிட்டாள். லில்லி எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாத ரகம். அந்த வித்தை இவளுக்கு வரவில்லை. மீதியை வராந்தாவில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிடித்ததில் பாதி உன்னுடையது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு இசக்கி நின்றால்தானே?

ஆட்டத்தில் அடுத்து எதிரணி ரெய்டு வந்தபோது இசக்கி யாரையும் பார்க்காமல் ஒற்றையாகப் பாய்ந்தாள். ஸ்கோர் ஷீட்டில் தனக்கும் ஒரு வரி வேண்டும் என்று தோன்றியிருக்கும். பிடி வழுக்கிவிட்டது. அவுட்.

அவுட்டானவர்கள் உட்காரக் கோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். இசக்கி அதில் போய் உட்கார்ந்தாள். உள்ளே கூப்பிடும்வரை அங்கிருந்து எழுந்து போகக் கூடாது.

எழுந்து போகக் கூடாது.

இவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்கலைக்கழக இறுதிப் போட்டி. ஆறு நிமிடம் மிச்சம். ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. லில்லி ரெய்டு போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

எதிரணிக்காரி மறுபடி மூலைக்கு வந்தாள். காலை நீட்டினாள். அந்த மந்த வேகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பின்னால் நகர்ந்திருக்கும்.

இவள் நகரவில்லை.

கால் விரல் முழங்காலில் பட்டது. ஆட்டம் சமன்.

பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து யாரோ, "இதுக்கா காசு குடுக்காங்க?" என்று கத்தினார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கட்டத்துக்கு ஓடினாள். அவுட்டான ஒருத்தி இவ்வளவு ஆசையாக ஓடி அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இசக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் உரசியது. இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை, காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

மூச்சு வாங்கியது. அது அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள்.

விசில்.

லில்லி போன வேகத்தில் ஒரு புள்ளியோடு திரும்பியிருந்தாள். ஒரு புள்ளிக்கு ஓர் ஆள் உள்ளே போகலாம். முதலில் அவுட்டானவள் முதலில். இத்தனை வருடம் ஆடியவளுக்கு இந்த விதி தெரியாதா? தெரியும். பேச ஆளில்லாமல் கிடந்த மூன்று வாரத்தில் அதுகூட மண்டையில் நிற்கவில்லை.

இசக்கி எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பாதி உன்னோடதுட்டி" என்றாள் இவள்.

கட்டத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, யார் வெளியே, யார் உள்ளே என்று தாளில் குறித்துக்கொண்டிருந்த வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"எதும்மா?"

"புடிச்சதுல. பாதி அவளோடது சார்."

அவர் நல்ல மனிதர். கையிலிருந்த தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாதியெல்லாம் எழுத முடியாதும்மா. ஒருத்தி பேருதான் போடணும்."